டிராக்குக்குப் போ, ரோட்டில் வேண்டாம்

அன்பு பாப்பாவுக்கு,

என் மூட்டு நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

போனில் பேசினால் நீ என் முழங்காலில் ஆரம்பிக்கிறாய், நான் பைக்கில் விழுந்தால் உன் கழுத்தெலும்பு என்ன ஆகும் என்று கேட்கிறேன், நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் கடிதம்.

அறுபதைத் தாண்டியவன் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடலாமா என்று நீ மட்டுமா கேட்கிறாய்? தெருமுனை இஸ்திரிக்காரர் கேட்டாயிற்று, உன் பெரியம்மா கேட்டாயிற்று. 2017-ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 100-க்கு மூன்றரை பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு. போட்டிக்கென்றே ஓடுகிறவர்களில் 13 பேருக்கு. ஓடினால் மூட்டு தேயவே தேயாது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூட்டு நன்றாக இருப்பவன்தானே ஓட வருகிறான்! ஆனாலும் என்னைப் போல ஆசைக்கு ஓடுகிறவன் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வலித்தால் நின்றுவிடுவேன். எனக்கு ஸ்பான்ஸரும் இல்லை, பதக்கக் கணக்கும் இல்லை. ஓடி எரித்ததை ரத்னா கஃபே சாம்பாரில் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், அவ்வளவுதான்.

சரி, உன் விஷயம். இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் பைக் ரேஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய், அதற்கு லெதர் சூட் வாங்கியிருக்கிறாய், இதெல்லாம் அம்மா வழியாக, குக்கர் விசிலுக்கு நடுவில் எனக்குத் தெரிய வந்தது. நான் கத்துவேன் என்று நினைத்திருப்பாய். கத்தப்போவதில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கு: டிராக்கில் எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போ, ரோட்டில் அந்த வேகத்தை ஒருநாளும் எடுக்காதே. அங்கே லோனாவாலா போகிற வழியிலும் சரி, இங்கே சென்னைக்கு வந்தால் ஈ.சி.ஆரிலும் சரி.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடுவது மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையில். விடியற்காலை நாலரைக்கு உழைப்பாளர் சிலைப் பக்கம் கூடுவோம். அந்த நேரத்தில் கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து சைலன்சர் சத்தம் முதலில் வரும், வெளிச்சம் அப்புறம்தான். சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் பிளாட்பாரத்தில் ஏறிவிடுவோம். மூன்று நான்கு வண்டி, ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி போகும். சிலதில் ஹெட்லைட்டே எரியாது. போலீஸ் தடுப்பு வைத்துப் பிடிக்கிறார்கள், வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறார்கள். கொஞ்ச நாள் அடங்கும். அப்புறம் மதுரவாயல் பைபாஸில் ஆரம்பித்துவிடும்.

போன தை மாதம் ஒரு பையன் எங்கள் கண்ணெதிரே விழுந்தான். பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் ஒதுங்கியது, வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக வழுக்கிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது இருக்கும். அரைக்கை சட்டை, ரப்பர் செருப்பு. ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் மாட்டியிருந்தது. விழும்போது இரண்டு கையையும் ஊன்றியிருக்கிறான். உள்ளங்கையில் தோலே இல்லை, மணலும் தார்ப்பொடியும் அரைபட்டு உள்ளே ஏறியிருந்தது. எங்களில் ஒருவர் இடுப்பில் செருகியிருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார், இன்னொருவர் 108-க்குப் போன் போட்டார். கூட வந்த வண்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அங்கிள், டேங்க் அடி வாங்கிடுச்சா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. அவன் தேடுவதைத்தான் நீயும் தேடுகிறாய், அந்த வயதில் நானும் தேடினேன். அவனுக்கு ஒரு கையுறையும் இல்லை, போய் ஓட்ட ஓர் இடமும் இல்லை.

எங்களுக்கு அந்த இடம் சோழவரம். ரெட்ஹில்ஸ் தாண்டி, இரண்டாம் உலகப் போர் காலத்தில் போட்ட விமான ஓடுதளம். 1950-களிலிருந்து அங்கே கார், பைக் பந்தயம் நடந்தது. நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். பாரிமுனையில் பஸ் ஏறி, கையில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தோடு. நிழல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கான்கிரீட் தரையிலிருந்து அனல் அடிக்கும். டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெய் சேர்த்த ஆயிலைப் பெட்ரோலில் கலப்பார்கள், அதனால் அந்தப் புகைக்கே ஒரு தனி வாசனை உண்டு. வீட்டுக்கு வந்தால் உன் பாட்டி என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கே போயிருந்தேன் என்று கேட்காமலே கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்குப் பிடித்தது முதலில் வந்தவர்கள் இல்லை. அவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும். கடைசி நான்கைந்து பேரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய மெக்கானிக், ஆபீசுக்குப் போக வேண்டிய குமாஸ்தா. தினமும் ஓட்டுகிற யெஸ்டி, ராஜ்தூத் பைக்குகளில் லைட்டைக் கழற்றிவிட்டு வந்திருப்பார்கள். சிலிண்டரைக் கழற்றி, காற்றும் புகையும் போகிற துளைகளை ராவி ராவி மெருகேற்றியிருப்பார்கள், கார்புரேட்டர் ஜெட்டுக்காகப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிஷ ஓட்டத்துக்கு அத்தனை பாடு. பாதியில் பிளக் அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டால், வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். இன்று எங்கள் ஓட்டக் கூட்டத்திலும் அதே ஜாதி ஆட்கள்தான். என்ன, கார்புரேட்டருக்குப் பதிலாக ஷூவைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓடி முடித்த கையோடு மூச்சு வாங்கிக்கொண்டே கைக்கடிகாரத்தை செல்போனோடு கோத்து ஊருக்கெல்லாம் கணக்கு அனுப்புகிறவர்களை மட்டும் எனக்கு ஆகாது, அது வேறு கதை.

எண்பதுகளின் கடைசியோடு சோழவரத்தில் பந்தயம் நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் நீ போகப்போகிற இருங்காட்டுக்கோட்டை. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. நாம் பெங்களூர் ரோட்டில் போகும்போது ஹூண்டாய் ஃபேக்டரியைத் தாண்டுவோமே, அந்தப் பக்கம்தான். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் கார் பந்தயம் நடத்தினார்களே, 3.5 கிலோமீட்டர், 19 வளைவு, பெரிய பெரிய விளக்குகளோடு. தெரு நாய் ஒன்று டிராக்குக்குள் புகுந்து எல்லாரையும் காக்க வைத்தது ஊர் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. எனக்குச் சிரிப்போடு இன்னொன்றும் தோன்றியது. அவ்வளவு வேலி போட்டும் ஒரு நாய் வருகிறது என்றால், வேலியே இல்லாத ரோட்டில் என்னென்ன வரும்? மாடு வரும், ஷேர் ஆட்டோ வரும், நேற்றுத் தோண்டிய பள்ளம் வரும், எதிர்ப்பக்கத்தில் ஒரு தண்ணி லாரி வரும், ஓடிக்கொண்டு நானும் வருவேன்.

டிராக்கில் எல்லாரும் ஒரே திசையில் போகிறீர்கள். வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார். மஞ்சள் ஆடினால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு காட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிட்டுக்கு, அதாவது வண்டிகளை நிறுத்துகிற இடத்துக்கு, திரும்ப வேண்டும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. விழுந்தால் சறுக்கிக்கொண்டு போக இடம் இருக்கிறது. விழவே மாட்டாய் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. வளைவில் முன்டயர் பிடியை விட்டால் யாரானாலும் விழத்தான் வேண்டும். முதல் இரண்டு சுற்றில் டயர் சூடேறியிருக்காது, அப்போது வீரம் காட்டாதே. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும், அதனால் பயந்த இடத்தையே முறைத்துப் பார்க்காதே. இதெல்லாம் உன் வாத்தியார்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அவர்கள் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒன்றை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் பாடம். வெயில். வகுப்பு செப்டம்பரில்தானே என்று அசட்டையாக இருக்காதே. நம் ஊரில் காற்றே ஈரம், வியர்வை வழியுமே தவிர காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நீயோ அதற்கு மேல் லெதர் சூட்டை மாட்டிக்கொண்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுக்கப்போகிறாய். வெயிலில் கதவைச் சாத்தி நிறுத்திய கார் மாதிரிதான் உள்ளே இருக்கும். ஒவ்வொரு முறை பிட்டுக்கு வந்ததும் முதலில் ஜிப்பை இடுப்பு வரை இறக்கு. பச்சைத் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிக்காதே, ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், குழப்பம் வரும். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் தண்ணீர் போதாமல் விழுவது ஒரு பக்கம், தண்ணீர் கூடிப்போய் விழுவதும் உண்டு. எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் சர்க்கரை போட்டு ஒரு பெரிய பாட்டில் நான் கொண்டு வருகிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இருக்கும். உடம்பு சில்லிட்டாலோ, புல்லரித்தாலோ, சுலபமான வளைவில் கியர் தப்பாக விழ ஆரம்பித்தாலோ, அன்றைக்கு அவ்வளவுதான், வந்துவிடு. கட்டின காசுக்கு இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கிறதே என்று பார்க்காதே.

அம்மா ஒரு வாரமாக உன் வண்டியின் இன்சூரன்ஸ் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேலை பார்த்த காலமெல்லாம் பாலிசிகளோடு வாழ்ந்தவள் இல்லையா, எங்கே பொடி எழுத்து இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் வண்டி பாலிசி செல்லாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. உன் ஆபீஸ் மெடிக்கல் பாலிசியிலும் சாகச விளையாட்டு என்ற தலைப்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறாள். வகுப்பு நடத்துகிறவர்கள் கொடுக்கிற படிவத்தையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பிவிடு. அவள் ஒத்துக்கொள்கிற விதம் இதுதான், உனக்குத் தெரியாததா?

உன் பெரியம்மா கேட்டது: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது?" நம் ஊர் அலிஷா அப்துல்லா பைக் பந்தயத்தில் ஓட்டியதையும், பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஜா என்கிற கரடுமுரடுப் பாதைப் பந்தயங்களின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வாங்கி வந்ததையும் சொன்னேன். "அவங்க அம்மா எப்படித் தூங்கினாங்களோ" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, நீயே தீபாவளிக்கு வரும்போது சமாளித்துக்கொள்.

ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. முழு முகமும் மூடுவதாக, தாடைப் பட்டையை இரண்டு வளையத்தில் கோத்து இறுக்குகிற 'டபுள் டி' பூட்டு உள்ளதாக வாங்கு. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னமும் கூடவே ஆட வேண்டும், அது மட்டும் தனியாகச் சுற்றினால் அளவு பெரிது. யாராவது ஏற்கெனவே கீழே போட்ட ஹெல்மெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் மறுபடி காப்பாற்றாது. விலையில் பாதி நான் தருகிறேன், ரசீதை அனுப்பு. மீதிப் பாதி உன்னுடையது, உன் ஆசைதானே.

வகுப்பு நாளன்று நான் வருகிறேன். அம்மா வரவில்லை என்கிறாள், ஆனால் அங்கே உட்கார நிழல் இருக்குமா, பாத்ரூம் எப்படி என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டாள். அதனால் மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டுவதாகவே வைத்துக்கொள்.

அப்பா

பி.கு.: விமானத்தில் வந்தால் ஹெல்மெட்டை லக்கேஜில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள். அப்புறம் என் ஷூ எட்டாம் நம்பர் இல்லை, ஒன்பது. ஓடினால் கால் வீங்கும். போன முறை நீ அனுப்பியதை அம்மா போட்டுக்கொண்டு நடக்கப் போகிறாள்.