எடிட்டிங் விதியைத் தெளிவாக எழுதி வையுங்கள்

புகைப்படப் போட்டிக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். முடிவுகள் வெளியானதும் எழுந்த சலசலப்பு உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும், மறுபடி விவரிக்கவில்லை. ‘எடிட்டிங் அளவோடு இருக்க வேண்டும்’ என்ற ஒரே வரியை வைத்து ஒரு படத்தைத் தள்ளினீர்கள், இன்னொன்றுக்குப் பரிசு தந்தீர்கள். எதைச் செய்யலாம், எது கூடாது என்று எழுத்தில் வையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

தள்ளப்பட்ட படத்தில் செய்த குற்றம், வானத்திலிருந்த சில புள்ளிகளைக் பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும் குளோன் கருவியால் அழித்தது. அவை கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஒட்டிய தூசு. லென்ஸின் துளையை அகலத் திறந்த எஃப்/4-இல் கண்ணில் படாது. நிலக்காட்சிக்காகத் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்தால் வெளிர் வானத்தில் சாம்பல் வட்டங்களாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கேமராவைத் திருப்பி எடுத்த அடுத்த பிரேமிலும் அதே மூலையில் இருக்கும். கேமரா பதிவுசெய்த மூலமான ரா ஃபைலையும் பக்கத்துப் பிரேம்களையும் வாங்கிப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவே இல்லையே!

பரிசுப் படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மேகங்களில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. மரங்களின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது. இலை விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு. வேறு வானத்தை ஒட்டியவர் ஒட்டும் இடத்தின் எல்லையை வகுக்கும் மாஸ்க்கைக்கூட ஒழுங்காகப் போடவில்லை.

எடிட்டிங்கே கூடாது என்று தப்பிக்கவும் முடியாது. ஜேபெக்கில் எடுத்தால் ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ் எல்லாவற்றையும் கேமராவே போட்டுத் தருகிறது. இன்றைய போன்கள் பல பிரேம்களைச் சேர்த்தே ஒரு படமாக்குகின்றன. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தில் 16,384 படிகள், ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256. அதை இதற்குள் சுருக்கும்போது எதை வைத்துக்கொள்வது என்று யாராவது முடிவுசெய்தே ஆக வேண்டும். கேமரா செய்தால் அசல், ஆள் செய்தால் மோசடியா?

வெளிச்சம், நிறம், க்ராப், தூசு நீக்கம் இருக்கட்டும். காட்சியில் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை எடுப்பதும் வேண்டாம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற செய்திப்படப் போட்டி 2010-இல் ஒரு பாதத்தின் ஓரத்தை அழித்ததற்கே பரிசை ரத்து செய்தது. வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் வைத்த பல பிரேம்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங்கை, சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று வைக்கலாம். படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகளை அகற்றும் ஏஐ நாய்ஸ் நீக்கம்தான் சிக்கல்: அளவு மீறினால் பறவையில் இல்லாத இறகுகளை அதுவே வரைந்துவிடும். அந்த மென்பொருள்களில் சில, வேலை முடிந்த படத்தையும் டிஎன்ஜி என்ற ரா வகை ஃபைலாகவே சேமிக்கும். ஆகவே டிஎன்ஜி என்றதும் கேமராவிலிருந்து வந்த மூலம் என்று நம்பிவிடாதீர்கள்.

நீளப் பக்கம் எத்தனை பிக்சல், ஃபைல் எத்தனை எம்பி, பெயரில் இடைவெளி வரலாமா என்பதிலெல்லாம் உங்கள் விதிகள் படு துல்லியம். கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பது தடித்த எழுத்திலேயே இருக்கிறது. எடிட்டிங்குக்கு மட்டும் ‘அளவோடு’!

கோபத்தில் வந்த வார்த்தைகளைப் பொறுத்தருளுங்கள். அடுத்த அறிவிப்புக்கு முன் விதியை எழுத்தில் வையுங்கள்; இறுதிச் சுற்றுக்கு வருவோரிடம் ரா ஃபைலோடு முன்னும் பின்னும் மூன்று பிரேம்களைக் கேளுங்கள். தள்ளப்பட்ட படத்தையும் அதே முறையில் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
போட்டியாளர்கள் சிலர்