பலாவிலைக் கிரீடமும் மோனோரயிலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) கதையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நன்றாகத்தான் மெனக்கெட்டிருக்கிறார், எந்தக் காட்சி எந்தப் படத்தைப் பகிடி பண்ணுகிறது, எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்திருக்கிறார். ஆனால் கடைசிப் பந்தியில், இதெல்லாம் தெரியாதவர்களுக்கு இது வெறும் பொம்மைப்படம் என்று எழுதிவிட்டாரே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

2009 இல் கனடாவில் இருந்து வந்த அண்ணன் ஒரு கட்டு டிவிடி கொண்டு வந்திருந்தார். கிழக்கிலங்கையில், பாண்டிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெரியம்மா உட்பட ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து பார்த்தோம். தொடங்கும்போதே வேலை முடிந்த சங்கு ஊத, சிம்ப்சன் குடும்பத்துத் தகப்பன் ஹோமர் ஜன்னலால் சறுக்கி வந்து காருக்குள் விழுந்து தன் புகழைத் தானே பாடிக்கொண்டு போய் ஒரு மரத்தில் மோதுவார். அது 1960 இல் தொடங்கிய 'ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனின் தொடக்கக் காட்சியைப் பழிப்புக் காட்டுவது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. சரி. எங்களுக்கு அது தன் பெருமையைப் பாடிக்கொண்டே மரத்தில் மோதுகிற ஒரு மொத்த மனிசன், அவ்வளவுதான். அதற்கு மேலே என்ன வேண்டும்?

பிறகு கதை. பேர்ன்ஸ் என்ற பணக்காரர் அணுக்கழிவைப் பூங்காவில் ஒளித்து வைத்து அகப்பட்டு 3 மில்லியன் டொலர் தண்டம் கட்டுகிறார், அந்தக் காசை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் கூடுகிறது. உடைந்து கிடக்கிற பிரதான வீதியைத் திருத்துவோம் என்கிறாள் ஹோமரின் மனைவி மார்ஜ். கிட்டத்தட்ட எல்லோரும் ஓம் என்று வரும் நேரத்தில் விசிலடித்துக்கொண்டு ஒருவன் எழும்புகிறான், லைல் லான்லி, மோனோரயில் விற்க வந்தவன். அவன் ஒரு வரி எடுத்துக்கொடுக்க ஊர் முழுக்க 'மோனோரயில், மோனோரயில்' என்று பிற்பாட்டுப் பாடுகிறது. அண்ணனைத் தமிழில் சொல்லச் சொல்லி "மறுகா? மறுகா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அந்த இடத்தில் சொன்னா: "இவன எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு."

லான்லி ஒரு அமெரிக்க இசை நாடகத்து ஏமாற்றுக்காரனின் நகல், பெரியம்மா அதையெல்லாம் பார்த்தவ இல்லை. ஆனால் லான்லியைப் பார்த்திருக்கிறா. நாங்களும்தான். இந்தப் பக்கம் ரயிலே கிடையாது, தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும், அதற்கு இந்தப் பக்கம் ரயில் என்பது தேர்தல் மேடைகளில் மட்டும் ஓடுவது. எந்த ஊர் என்று சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு கட்டடம் ரிபன் வெட்டித் திறந்த மறுநாளே பூட்டுப் போட்டது, இன்றைக்கு அதற்குள் ஆடுகள்தான் படுக்கின்றன. மோனோரயிலின் தீயணைப்புப் பெட்டிக்குள் ஒரு விலங்குக் குடும்பமே குடியிருப்பதைக் காட்டும்போது எங்கள் வீட்டில் ஏன் அவ்வளவு சிரிப்பு என்று இப்போது விளங்கும்.

எனக்கு இதற்கு முன்பே ஒரு அனுபவம் உண்டு. அம்மாவின் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கூத்து என்றால் விடிய விடிய நடக்கும், நாங்கள் சின்னதுகள் பாதியிலேயே பாயில் சரிந்துவிடுவோம். அடுத்த நாள் மாமரத்தடியில் பெரிய பொடியன்கள் அதை எங்களுக்கு ஆடிக்காட்டுவார்கள். பலாவிலையை ஈர்க்கால் குத்திக் கிரீடம், தென்னைமட்டை வாள், ராசா வருகிற வரவு மெட்டிலேயே 'மீன்காரர் சைக்கிளில் வந்தாரே' என்று பாட்டு. உருண்டு உருண்டு சிரிப்போம். அசல் ராசாவை நான் அடுத்த வருடம்தான் முழித்திருந்து பார்த்தேன். மத்தளம் அதிர, உடுப்பு மின்ன, அவர் வரவு ஆடி வந்தபோது எனக்கு மீன்காரரின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா கிள்ளின கிள்ளு இப்பவும் ஞாபகம் இருக்கிறது.

'மியூசிக் மேன்' பார்த்தபோதும் அதே கதைதான். 1957 இல் மேடையேறி 1962 இல் படமான இசை நாடகம் அது, லான்லியின் மூலம் அங்கேதான் இருக்கிறது. ஹரோல்ட் ஹில் என்ற ஊர் சுற்றி வியாபாரி அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு வருகிறான், ஊருக்குள் ஒரு பூல் மேசை (கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் விளையாட்டு) வந்துவிட்டது, இனிப் பிள்ளைகள் கெட்டுப் போகும் என்று பயம் காட்டுகிறான், பாதி பேச்சும் பாதி பாட்டுமாக. அதற்கு மருந்து பிள்ளைகளின் பாண்டு வாத்தியக் குழுவாம். காசை வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் அவன் திட்டம். பேச்சு ஏற ஏறக் கூட்டம் பிற்பாட்டில் சேர, நான் தனியே இருந்து கெக்கட்டம் போட்டுச் சிரித்தேன், எனக்கு அது லான்லியை நடிக்கிற யாரோ போலத்தான் தெரிந்தது. நகலை முதலில் பார்த்துவிட்டு அசலுக்குப் போகிறவர்கள் நாங்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்ட விசயம் ஒன்றும் இதில் இருக்கிறது. அசலில் ஹில் நூலகப் பெண்ணைக் காதலித்து, ஓடாமல் நின்று, பிள்ளைகள் அபசுரமாக வாசித்தாலும் பெற்றவர்கள் பூரித்துப்போக, ஊர் அவனை மன்னித்துவிடுகிறது. கார்ட்டூனில் அப்படியில்லை. லான்லி காசோடு விமானம் ஏறுகிறான், அது இடையில் நோர்த் ஹேவர்புரூக்கில் இறங்குகிறது, அவன் முன்பு மோனோரயில் விற்று நாசமாக்கிய ஊர் அது, சனம் உள்ளே ஏறி அவனை மொத்துகிறது. இதைப் 'பகிடி பண்ணுகிறது' என்று ஒரு சொல்லில் முடித்தால் எப்படி? பழைய கதையோடு மல்லுக்கட்டுகிறது என்றுதான் நான் சொல்வேன், ஏமாற்றுக்காரனை அவ்வளவு லேசாக விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறது. பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

எங்களுக்குத் தப்பிப்போனதும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. திறப்பு விழாவுக்கு லெனார்ட் நிமோய் தன் சொந்தக் குரலிலேயே வருகிறார், 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரில் ஸ்பொக்காக நடித்தவர். மேயர் அவருக்கு வேறொரு விண்வெளிப் படமான 'ஸ்டார் வார்ஸ்' வசனத்தைச் சொல்லி வாழ்த்த, நான் யார் என்றாவது தெரியுமா என்று நிமோய் கேட்க, மேயரோ அவரைப் பழைய சிறுவர் படக் கூட்டத்தில் ஒருவர் என்று நினைக்கிறார். அண்ணன் படத்தை நிறுத்தி இது ஏன் பகிடி என்று ஐந்து நிமிடம் விளக்கினார், அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் கடைசியில் அதே நிமோய், என் வேலை முடிந்தது என்று சொல்லி, நீ ஒன்றுமே செய்யவில்லையே என்று ஒருவன் கேட்கக் கேட்கச் சிரித்துக்கொண்டு மறைந்துபோக, பெரியம்மா "நாரதர்" என்றா. எல்லோரும் சிரித்தோம்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். இந்தக் கதை ஒளிபரப்பானது 1993 ஜனவரி 14, கட்டுரையில் உள்ளதுபோல் 1992 அல்ல. எழுதியவர் கோனன் ஓ பிரையன், அதே வருடம் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராகப் போனவர்.

முடிவில் மார்ஜ், ஊர் செய்த ஒரே முட்டாள்தனம் இதுதான் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சேர்த்துக்கொண்டு போவாள். எங்குமே போகாத ஒரு எஸ்கலேட்டர், உச்சிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுகிறார்கள். படம் முடிந்து எல்லோரும் எழும்பியும் பெரியம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. "அதுக்கு ஆரு காசு குடுத்த?" என்று கேட்டா. அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிக்கு,
பாண்டிருப்பில் இருந்து உங்கள் வாசகி