பாம்புக்கடி முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

ஜவ்வாது மலை ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

மலைப்பகுதியில் வேலை பார்த்தால் மேற்படிப்புச் சேர்க்கையில் கிடைக்கும் மதிப்பெண் சலுகைக்காகத்தான் டாக்டர்கள் மலையேறுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். சலுகை இல்லாவிட்டாலும் இங்கே வேலைக்கு வரலாம் என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் நீங்கள்.

கடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் டோலியைக் கட்டிக் காட்டிய தம்பிகளுக்கு முதல் நன்றி. கடிபட்டவர் நடந்தால் தசை அசைய அசைய விஷம் வேகமாக ஏறும். மூங்கில் தப்பையை, எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் வைத்து, ஒரு விரல் நுழையும் தளர்வில் வேட்டித் துணியால் சுற்றினார்கள். கயிற்றால் இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போகும். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாகப் பாயும். நோயாளியாகப் படுத்துக்கொண்ட பாட்டி, யாரும் சொல்லாமலே மெட்டியையும் கொலுசையும் கழற்றி வைத்தார். கால் வீங்கிவிட்டால் அவற்றை வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலைய லேப் அண்ணன் கண்ணாடிக் குழாய்களைப் புதிதாகவே எடுத்து வைத்திருந்தார். கடிபட்டவரின் 2 மில்லி ரத்தத்தைக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் நிறுத்தி வைத்து, ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று அர்த்தம்; முதல் தவணையாக விஷமுறிவு மருந்து 10 குப்பி வரை போகும். பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். அதை நம்பினால், தேவையில்லாதவருக்கு மருந்தேற்றி அலர்ஜியை விலைக்கு வாங்குவோம்.

கட்டுவிரியன் கதை வேறு. அது கடித்தால் ரத்தம் ஒழுங்காக உறையும், நரம்புதான் முடங்கும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், பல்தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்றால் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்குத் தனி நன்றி. பாயைச் சுற்றிக் கொசுவலையைச் செருகும் விதத்தையும் அவரே காட்டினார்.

நாங்கள் பார்த்திராத இருளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறவர்கள், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்தார்.

ஆறு தப்பையும் டோலிக் கயிறும் பள்ளிக்கூட பீரோவில் இருக்கின்றன. சாவி சத்துணவு அக்காவிடம்.

நன்றியுடன்,
இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள்