நல்ல கடிதத்துக்கு இரண்டு மடங்கு எடை

கும்பகோணம்
17.8.2025

அன்பு நண்பனுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்தவுடன் மகிழ்ந்தேன். மின்னஞ்சலை விட்டுத் தபாலில் எழுதியதற்கான காரணத்தைப் படித்ததும் வருந்தினேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள் கணினிப் பக்கம் போகாமல் இருந்ததில் 412 அஞ்சல்கள் குவிந்துவிட்டன என்றும், அவற்றில் உனக்கு வேண்டியவை ஒன்பதே என்றும், ஆகவே பதினெட்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் முகவரியையே கைவிட்டுவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கால் இப்போது படியேறும் அளவுக்குத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். முகவரி விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. ஓய்வூதியம், வருமான வரிக் கணக்கு, பேரப்பிள்ளைகளின் பள்ளி என்று எத்தனை இடங்களில் அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறாய் என்பது உனக்கே நினைவில் இருக்காது. அவற்றில் ஒன்றை மாற்ற மறந்தாலும் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

மின்னஞ்சல் படிக்கும் நிரலான தண்டர்பேர்டில் நாற்பது சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்று தலைப்பில் இருந்தாலும் அஞ்சலை அழித்துவிடும்படி விதி எழுதி வைத்திருப்பதாகவும், அப்படியும் குப்பை குறையவில்லை என்றும் சொல்லியிருக்கிறாய். அதில் உன் பிழை ஒன்றும் இல்லை. எல்லாரும் முதலில் போய்ப் பார்த்த வழி அதுதான். ஆனால் அது முட்டுச்சந்து. ‘லோன்’ என்ற சொல்லைத் தடுத்தால், ஆங்கிலத்தில் அதன் நடுவில் ஓ எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தைப் போட்டு மறுநாளே அனுப்புவார்கள். உன் விதி எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். மனிதக் கண்ணோ பூஜ்யத்தையும் ஓ என்றே படித்துக்கொள்ளும். அனுப்புகிறவன் அந்த இடைவெளியில்தான் நுழைகிறான். அதைவிடக் கொடுமை, உன் தம்பி மகன் கல்விக் கடனைப் பற்றி உன்னிடம் யோசனை கேட்டு எழுதினால், அந்தக் கடிதமும் அதே விதியில் சிக்கி அழிந்துபோகும். அது வந்தது என்பதே உனக்குத் தெரியாது.

இந்தத் தொல்லை நாம் நினைப்பதைவிடப் பழையது. 1978ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துயர்க் என்பவர், தங்கள் புதிய கணினிகளைக் காண வரும்படி ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் மின்னஞ்சல் விளம்பரமாக அதைத்தான் சொல்கிறார்கள். நாம் விடுதி அறையில் அமர்ந்து வீட்டுக்கு அஞ்சலட்டை எழுதிக்கொண்டிருந்த ஆண்டு அது. அட்டை ஒவ்வொன்றுக்கும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. மின்னஞ்சலிலோ பத்தாவது கடிதத்துக்கும் பத்து லட்சமாவது கடிதத்துக்கும் அனுப்புகிறவனுக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இலட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அவனுக்கு இலாபம். ஆகவே இது தானாக ஓயும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பில் கேட்ஸ் 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில், இரண்டே ஆண்டுகளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீயும் நானும் அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உன் நாற்பது சொற்களுக்கு மாற்றாக நான் சொல்ல விரும்பும் முறை 2002இல் பரவலாகத் தெரியவந்தது. பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரலாளர் உன்னைப் போலவே முதலில் விதிகளை எழுதிப் பார்த்துச் சலித்துப்போய், பிறகு வேறு விதமாக யோசித்தார். தமக்கு வந்த நல்ல அஞ்சல்கள் ஏறத்தாழ நாலாயிரத்தையும் குப்பை அஞ்சல்கள் ஏறத்தாழ நாலாயிரத்தையும் எடுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று கணினியையே எண்ண வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விட்டுச்சென்ற நிகழ்தகவுக் கணிதம்தான் இதற்கு அடிப்படை. கணக்கெடுத்துப் பார்த்தபோது, கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறத்தைக் குறிக்கும் நிரல் குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு நிகராகக் குப்பையைக் காட்டிக்கொடுத்தது. எந்த மனிதரும் உட்கார்ந்து யோசித்து அப்படி ஒரு விதியை எழுதியிருக்க மாட்டார்.

அவர் செய்த இன்னொன்றுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. நல்ல அஞ்சல்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை மட்டும் அவர் இரண்டால் பெருக்கிக்கொண்டார். நல்ல கடிதம் ஒன்று தவறுதலாகக் குப்பைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே, தராசை அந்தப் பக்கம் வேண்டுமென்றே சாய்த்து வைத்தார். குப்பை ஒன்று உள்ளே வந்தால் இழப்பது ஒரு நொடி. நல்ல கடிதம் ஒன்று வெளியே போனால் என்ன இழப்பு என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இதுவரை உன்னிடம் சொல்லாத செய்தி அது.

விடுதியில் நமக்கு அடுத்த அறையில் இருந்து, பிறகு கனடாவுக்குப் போய்த் தொடர்பே அற்றுப்போனவனை உனக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டு அவன் என் முகவரியை எப்படியோ கண்டுபிடித்து, நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, பழைய விடுதிப் படங்கள் சிலவற்றையும் இணைத்து அனுப்பியிருக்கிறான். புதிய முகவரி, ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்ற தலைப்பு, பெரிய இணைப்புகள். ஜிமெயில் அதை ஸ்பேம், அதாவது குப்பை அஞ்சல், என்று ஒதுக்கிவிட்டது. அப்போது நான் தண்டர்பேர்டில், வரவுப் பெட்டிக்கு வந்ததை மட்டும் கணினிக்கு இறக்கும் பாப் முறையில் அஞ்சலை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த முறையில் ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் கிடப்பவை நம் கணினிக்கு வருவதே இல்லை. வலைத்தளத்தில் நுழைந்து பார்த்தால்தான் தெரியும், நான் நுழையவில்லை. முப்பது நாள் ஆனதும் ஜிமெயில் அவற்றைத் தானே அழித்துவிடும். நான் பதில் போடாததை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். பிறகு அவன் தங்கை ஒரு திருமணத்தில் என்னைப் பார்த்து, “அண்ணன் எழுதினாரே, நீங்கள் பதிலே போடவில்லையாமே?” என்று கேட்டபோது நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அன்றைக்கே கணக்கை, ஜிமெயிலில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் நம் கணினியில் காட்டும் ஐமேப் முறைக்கு மாற்றினேன். இப்போது ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டி தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலிலேயே தெரிகிறது. ஞாயிறு காலை காப்பி குடித்துக்கொண்டே அதில் அனுப்புநர் பெயர்களை மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. நீயும் முதலில் இதைச் செய்.

அடுத்து, உன் நாற்பது சொல் விதியை நீக்கிவிட்டு, தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் குப்பை அஞ்சலுக்கென்று இருக்கும் பக்கத்துக்குப் போய், கற்றுக்கொள்ளும் வடிகட்டியை இயக்கு. கிரகாம் சொன்ன அதே வகைக் கணக்குதான் அதற்குள்ளும் இருக்கிறது. முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களின் அஞ்சலைக் குப்பையாகக் குறிக்காதே என்று அங்கேயே ஒரு கட்டம் இருக்கும். அதைக் கட்டாயம் தேர்ந்தெடு. குப்பையை உடனே அழிக்கச் சொல்லாமல், தனிப் பெட்டிக்கு நகர்த்தச் சொல். பிறகு பாடம் நடத்த வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: குப்பையை மட்டும் குப்பை என்று காட்டிவிட்டு, நல்லதை நல்லது என்று காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இரு பக்கமும் தெரியாத வடிகட்டி எதை எதனோடு ஒப்பிடும்? உன் மகள் எழுதியவை, சங்கத்திலிருந்து வந்தவை, நான் எழுதியவை என்று பழைய கடிதங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஜே விசையைத் தட்டினால் அவை நல்லவை என்று பதிவாகும்; ஜே விசையை மட்டும் தட்டினால் குப்பை என்று பதிவாகும். நான் ஒரே மாலையில் முந்நூறு கடிதங்களை அப்படிக் காட்டிக்கொடுத்தேன். ‘பேத்தி’, ‘விடுதி’, ‘காவிரி’ என்ற சொற்கள் என் நல்ல கடிதங்களில் அடிக்கடி வருகின்றன. உலகத்துக்கெல்லாம் கடை விரிக்கும் ஏமாற்றுக்காரனுக்கு அவை தெரிய நியாயமில்லை. இந்த வடிகட்டி அவரவர் வாழ்க்கையைக் கற்றுக்கொள்கிறது என்பதால்தான் எனக்கு இதன் மேல் இத்தனை மதிப்பு.

உன் 412இல் பெரும்பாலானவை ஏமாற்று அஞ்சல்களாக இருக்காது என்றே நினைக்கிறேன். எப்போதோ ஒரு செருப்போ மருந்தோ வாங்கியபோது நீயே முகவரி கொடுத்த கடைகளின் விளம்பரங்களாக இருக்கும். அவற்றுக்கு வடிகட்டி வேண்டாம். சந்தாவை விலக்கினால் போதும். ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள், விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும் என்றும் 2024 முதல் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜிமெயிலை உலாவியில் திறந்தால் அனுப்புநர் பெயருக்கு அருகிலேயே அந்த இணைப்பு இருக்கும். ஆனால் முகம் தெரியாதவன் அனுப்பியதில் ‘விலகு’ என்று இருந்தால் அதைத் தொடாதே. தொட்டால், இந்த முகவரியில் படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நாமே அவனுக்குச் சொன்னதாகும். தண்டர்பேர்ட் வெளிப் படங்களைத் தடுத்து வைப்பதும் இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை வைத்தே அஞ்சல் திறக்கப்பட்டதை அவர்களால் அறிய முடியும். ஆகவே அந்தத் தடையை நீக்காதே.

வருமான வரி திரும்பக் கிடைக்கும் என்று வந்த அஞ்சலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கடவுச்சொல்லையோ அட்டையின் ரகசிய எண்ணையோ வருமான வரித் துறை மின்னஞ்சலில் கேட்பதில்லை. அதிலுள்ள இணைப்பைச் சொடுக்காமல், துறையின் தளத்துக்கு நீயே நேராகப் போய்ப் பார். யாராவது பணத்தைப் பறிகொடுத்துவிட்டால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்குத் தாமதமின்றி அழைக்கச் சொல். உன் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இந்த எண்ணை எழுதிக் கொடு.

ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. அதற்குப் பிறகும் முகவரியை விட்டுவிடத்தான் தோன்றுகிறது என்றால் நான் நேரில் வந்து, மாற்ற வேண்டிய இடங்களை உன்னோடு உட்கார்ந்து பட்டியலிடுகிறேன்.

கனடா நண்பனின் மின்னஞ்சல் முகவரியைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். அவனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டான். படங்களை மறுபடியும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான், உனக்கும் சேர்த்து. ஆகவே வேறு எதைச் செய்வதற்கு முன்பும் அந்த முகவரியை உன் முகவரிப் புத்தகத்தில் சேர்த்துவிடு.

உன் அன்பு நண்பன்