மத்திய வங்கி ஆளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்: விலையைச் சொல்லுங்கள், தேர்வை எங்களிடம் விடுங்கள்

உலகின் மத்திய வங்கிகளை நடத்தும் ஆளுநர் பெருமக்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் பணத்தாளில் கையெழுத்திடுபவர்கள் நீங்கள். கார்டு வழங்கும் வங்கிகளுக்கு விதி வகுப்பவர்களும் பெரும்பாலும் நீங்களே. அதனால்தான் கடைக்காரரையும் வங்கி மேலாளரையும் விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கார்டா ரொக்கமா என்ற சண்டையில் நான் எந்தக் கட்சியும் இல்லை. எதில் கொடுப்பது என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். வெளிநாட்டில் செலவு தெரிவதில்லை. உள்நாட்டில் தீர்மானிக்கும் உரிமை கைநழுவிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்தச் சின்னத் திரையைப் பற்றிப் பேசுவோம். வெளிநாட்டுக் கடையில் கார்டை நீட்டியதும், உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, இந்த நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா என்று இயந்திரம் கேட்கிறது. உபசாரம் போலத்தான் தோன்றுகிறது. பழகிய நாணயத்தில் தொகையைக் கண்டதும் மனம் நிம்மதியடைகிறது. விரலும் அங்கேயே போகிறது. அந்த நிம்மதியைத்தான் காசாக்குகிறார்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்காரரின் வங்கியோ அது அமர்த்திய நிறுவனமோ தன் லாபத்தையும் சேர்த்து ஒரு விகிதத்தைப் போட்டுக்கொள்கிறது. அந்த லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. இது போதாதென்று, கார்டு கொடுத்த வங்கி 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்று தன் கட்டணத்தைத் தனியே பிடிப்பதும் உண்டு. ஆகவே அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பதுதான் அநேகமாக எப்போதும் லாபம். இந்த ஒரு வரியைக் கார்டுடன் வரும் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட வங்கியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏடிஎம் இன்னும் சாமர்த்தியமானது. 'இந்த விகிதத்தை ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்களைக் காட்டும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் ஏற்றுவிடுகிறார்கள். உண்மையில் மறுத்தாலும் பணம் வரும். கார்டு கொடுத்த வங்கியின் விகிதத்தில் வரும், அவ்வளவுதான். அதைத் திரை சொல்வதில்லை. சொன்னால் யார் ஏற்பார்கள்? கடன் அட்டையைச் செருகி ரொக்கம் எடுப்பவருக்கு வட்டி பெரும்பாலும் அன்றைக்கே ஓடத் தொடங்குகிறது என்பதும் அந்தத் திரையில் வராத இன்னொரு செய்தி.

ஐரோப்பிய ஒன்றியம் பாதித் தூரம் வந்திருக்கிறது. ஒன்றியத்தின் நாணயங்களுக்கிடையே இப்படி மாற்றிக் கொடுப்பவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு காதில் விழும்போது சதவீதக் கணக்குப் போட எத்தனை பேரால் முடியும்? சதவீதம் வேண்டாம், தொகையைக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பொத்தானை அழுத்தினால் இவ்வளவு கூடுதலாகப் போகும் என்று திரையிலேயே தெரியட்டும். பயணி எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் உள்ளூர் நாணயமே கணக்கில் ஏறட்டும். மறுக்கும் பொத்தானின் கீழே 'மறுத்தாலும் பணம் கிடைக்கும்' என்று எழுத வையுங்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை, உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

ரொக்கத்தையும் நான் பூஜிக்கவில்லை. விமான நிலையத்தில் 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருக்கும் நாணயமாற்று முகப்புகள், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அந்தக் கமிஷனை வசூலித்துவிடுகின்றன. தாளை வாங்கும் முகப்பும் சில்லறைக் காசை வாங்காது. பயணிகளிடம் மிஞ்சும் அந்தக் காசை விமானங்களில் உறை நீட்டி நன்கொடையாகத் திரட்டும் திட்டத்தை யூனிசெஃப் 1987 முதல் நடத்திவருகிறது. ஒரு தொண்டு நிறுவனம் அதை நம்பித் திட்டம் தீட்டும் அளவுக்கு மிச்சம் இருக்கிறது!

இனி உள்நாடு. நீங்கள் வெளியிட்ட தாளையே கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளலாமா? பல நாடுகளில் தள்ளலாம். தனியார் வணிகர் ரொக்கத்தை ஏற்றாக வேண்டும் என்று சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை என்று அமெரிக்க மத்திய வங்கியே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1978 முதலே சில்லறைக் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்கிறது. பிலடெல்பியாவும் நியூயார்க் நகரமும் அண்மையில்தான் அந்த வழிக்கு வந்தன. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை என்பது உலக வங்கியின் மதிப்பீடு. 'கார்டு மட்டும்' என்ற அறிவிப்பு அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது.

ரொக்கத்தைக் கிட்டத்தட்ட மறந்துவிட்ட வடக்கு நாடுகளே இப்போது திரும்பிப் பார்க்கின்றன. நார்வேயில் 2024 அக்டோபர் 1 முதல், ஊழியர் இருக்கும் கடைகளில் 20,000 குரோனர் வரை ரொக்கமாகச் செலுத்தும் உரிமை வலுப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஸ்வீடன் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேடு, கையில் ரொக்கம் வைத்திருக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது கார்டு இயந்திரங்களும் ஏடிஎம்களும் பரவலாக முடங்கின. கையில் தாள் இருந்தவர்கள்தான் தண்ணீரும் ரொட்டியும் வாங்கினார்கள். அடுத்த மாதமே நெதர்லாந்து மத்திய வங்கி, பெரியவர் ஒருவருக்கு 70 யூரோவும் குழந்தைக்கு 30 யூரோவும் வீட்டில் இருக்கட்டும் என்று அறிவுறுத்தியது.

அறிவுரை சரிதான். ஆனால் ஐயா, அம்மா, அந்த 70 யூரோவை எங்கே கொடுப்பது? மற்ற நாட்களில் ரொக்கமே வாங்காத கடையில் கல்லாப்பெட்டி இருக்காது, மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது, தாளைச் சரிபார்க்கத் தெரிந்த ஊழியரும் இருக்க மாட்டார். மின்சாரம் போன அன்று மட்டும் இவையெல்லாம் முளைத்துவிடுமா? ரொக்கம் வாங்கும் பழக்கம் சாதாரண செவ்வாய்க்கிழமையில் உயிரோடிருந்தால்தான் நெருக்கடி நாளில் கைகொடுக்கும். மக்களைச் சேமித்து வைக்கச் சொல்லும் நீங்கள், அந்தத் தாளை ஏற்றாக வேண்டும் என்று வணிகர்களுக்கும் ஆணை வாங்கித் தர வேண்டும். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பீர்கள். வட்டி விகிதத்தைப் பற்றிப் பேச நாடாளுமன்றக் குழுக்களின் முன் நீங்கள் உட்காரும்போது இதையும் ஒரு வாய் சொல்லலாமே.

மின்சாரம் மட்டுமல்ல, அரசியலும் கார்டை முடக்கும். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதும், வேறு நாட்டில் வாங்கிய கார்டுகள் அங்கே பயனற்றுப் போயின. அந்த முடிவின் நியாயம் வேறு விவாதம். பையில் தாள் வைத்திருந்த பயணி அன்று தப்பித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு சிறு விண்ணப்பமும் உண்டு. இங்கிலாந்தின் காகித 20, 50 பவுண்டு தாள்கள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது. சுவிட்சர்லாந்தின் முந்தைய வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரல் இறுதியோடு ஓய்வு பெற்றன. அந்தந்த மத்திய வங்கி இன்றும் அவற்றை மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் தாள் ஒரு கண்டத்திலும் முகப்பு இன்னொரு கண்டத்திலும் இருந்தால், கிடைப்பதைவிட அனுப்பும் செலவும் அலைச்சலும் கூடிவிடும். ஒரு மத்திய வங்கியின் பழைய தாளை இன்னொரு மத்திய வங்கியின் முகப்பில் வாங்கிக்கொள்ள உங்களுக்குள் ஓர் உடன்பாடு போதும். மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கியான சர்வதேச தீர்வு வங்கியின் பெயரால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உங்களில் பலர் கூடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
இரண்டையும் பையில் வைத்திருக்கும் ஒரு பயணி