மூலையில் வருவது வைரஸ் இல்லை, மாப்ளே

கோவில்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்து இன்னும் ஹாஸ்டல் காலத்தில் இருந்தது போலவேதான், கோழி கிளறின மாதிரி. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தேய், ஆனால் மாடிக்கு ஏறி இறங்குவதைக் குறை. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். கடைக்குத் தூக்கி வந்தால் ஜெராக்ஸ் மிஷினின் பேப்பர் தட்டை இழுத்துப் போடுவதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

அப்புறம் உன் கம்ப்யூட்டர் விவகாரம். வலது கீழ் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்’ என்று சிவப்பாக வருகிறது, மூட மூட இன்னொன்று வருகிறது, பார்மேட் அடிக்க ரிப்பேர்காரர் 1,500 ரூபாய் கேட்கிறார் என்கிறாய். ஒரு பைசா கொடுக்காதே. பேரன் போட்டோவெல்லாம் அதில்தானே வைத்திருக்கிறாய்? பார்மேட் அடித்தால் எல்லாம் அழிந்துபோகும். மூலையில் வருவது வைரஸே இல்லை. ஏதோ ஒரு வெப்சைட், நீ இன்டர்நெட் பார்க்கிற குரோம் பிரவுசர் வழியாக அனுப்புகிற நோட்டிபிகேஷன், அதாவது அறிவிப்புச் செய்தி. அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்ததும் நீதான். கோபப்படாதே, நானும் கொடுத்தவன்தான்.

போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு நடந்தது அது. கடை வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், கூடவே அவர்களைவிடப் பதற்றமாக அப்பா அம்மாக்கள். ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், தேடலில் கண்ணில் பட்ட வேறொரு சைட்டைத் திறந்தேன். ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்’ என்றது. நான் ரோபோ இல்லையே, அழுத்தினேன். மறுநாள் காலையிலிருந்து லாட்டரியில் விழுந்த பணம், தொப்பையைக் கரைக்கும் பொடி என்று மூலையில் ஒன்று மாற்றி ஒன்று. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் பென்ஷன் பாரம் நிரப்ப எதிரில் உட்கார்ந்திருந்தபோது அரைகுறை ஆடையில் ஒரு பெண் படம் வந்தது பார், அன்றைக்குப் பட்ட கூச்சத்தை எழுத முடியாது. அவர் பெரிய மனுஷர், பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் விஷயம் புரிந்தது. ரோபோவா மனுஷனா என்கிற நிஜமான சோதனை பக்கத்துக்குள்ளேயே இருக்கும். கட்டத்தை டிக் செய்யச் சொல்லும், இல்லை பஸ் படத்தையும் சிக்னல் படத்தையும் பொறுக்கச் சொல்லும். ‘அலோ’, ‘பிளாக்’ என்று முகவரிப் பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வருகிற பெட்டி பிரவுசருடையது. அதற்கும் ரோபோவுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஏமாற்று வேலையே இதில்தான் இருக்கிறது. அலோ கொடுத்தால் அந்த சைட்டின் பெயர் பிரவுசரில் பதிந்துவிடும். அந்தப் பக்கத்தை நீ மறுபடி திறக்கவே வேண்டாம், செய்தி வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் எதுவும் நிறுவப்படாததால் ஆன்ட்டிவைரஸ் எத்தனை தடவை துழாவினாலும் ஒன்றும் அகப்படாது. ஹிஸ்டரியை மட்டும் அழித்தாலும் போகாது.

சரி, இப்போது குரோமைத் திற. வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதில் செட்டிங்ஸ். உள்ளே ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிபிகேஷன்ஸ்’. கீழே இறங்கினால் அனுமதி பெற்ற சைட்டுகளின் பட்டியல் வரும். நீ கேள்விப்பட்டே இராத பெயர்களாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஏழெட்டு இருந்தாலும் ஆச்சரியப்படாதே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘பிளாக்’ கொடு. ‘ரிமூவ்’ கொடுத்தால் பெயர் போகும், ஆனால் அடுத்த தடவை அங்கே போனால் மறுபடி கேட்கும். பிளாக் என்றால் கேட்கவே கேட்காது. உன் மெயில் அங்கே இருந்தால் அதைத் தொடாதே, மகன் கடிதம் வந்தது தெரியாமல் போய்விடும். அதே பக்கத்தின் மேலே, எந்த சைட்டும் அனுப்பக் கூடாது என்கிற தேர்வும் உண்டு. கடைக் கம்ப்யூட்டரில் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

குரோமில் இந்த வசதி 2015இல் வந்தது. மெயில், மீட்டிங் நேரம் இதற்கெல்லாம் நல்ல வசதிதான். ஆனால் செய்தி படிக்கப் போனாலும் சமையல் குறிப்பு பார்க்கப் போனாலும், ஒரு வரி படிக்குமுன் ‘அனுப்பட்டுமா’ என்று கேட்டால்? வீட்டுக்குள் கால் வைக்குமுன் சீட்டுக்குச் சேரச் சொல்கிற மாதிரி. குரோம் மாதிரியே இன்னொரு பிரவுசரான பயர்பாக்ஸை நடத்தும் மொசில்லா, 2018 கடைசியில் தங்கள் பீட்டா பதிப்பில், அதாவது சோதனைக்காக முன்கூட்டி விடுகிற பதிப்பில், ஒரு மாதம் எண்ணிப் பார்த்தார்கள். சுமார் 1 கோடியே 80 லட்சம் தடவை இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நூற்றுக்கு மூன்று தடவைகூட யாரும் சரி சொல்லவில்லை. அந்த மூன்றுக்குள் நம்மைப் போல அவசரத்தில் அழுத்தினவர்கள் எத்தனை பேரோ! 2020 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 72இலிருந்து அந்தப் பெட்டி தானாகக் குதிப்பதில்லை. முகவரிப் பட்டையில் சின்னப் படமாக ஓரமாக நிற்கிறது. வேண்டுமென்றால் நாமாகத் தொட்டுக்கொள்ளலாம். கடையின் இரண்டாவது கம்ப்யூட்டருக்கு அதைத்தான் போட்டேன். பிள்ளைகள் குரோம் இல்லையா என்று முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை மூலையில் வருவதன் மேல் கிளிக் செய்துவிடாதே, பெருக்கல் குறியை மட்டும் அழுத்தி மூடு. நோட்டிபிகேஷன் வைரஸ் இல்லை என்றாலும் அது கூட்டிப்போகிற இடம் நல்ல இடம் இல்லை. அங்கே காட்டுகிற நம்பருக்குப் போன் போட்டால் கார்டு விவரம் கேட்பார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டாயா? கடிதத்தில் அதை மட்டும் நீ எழுதவில்லை, அதுதான் எனக்கு உதைக்கிறது. பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் முதலில் பேங்குக்குச் சொல், உடனே 1930க்கும் போன் போடு. சைபர் மோசடிக்கென்று உள்ள நம்பர் அது. பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, ராத்திரி எனக்கும் ஒரு போன் பண்ணு.

உன் செல்போன் குரோமிலும் இதே பட்டியல் இருக்கும், அதையும் ஒரு பார்வை பார். தங்கச்சி போனையும் பார்; சீரியல் பார்க்கிற ஆள், எத்தனை சைட்டுக்கு அலோ கொடுத்திருக்கிறதோ.

அடுத்த வாரம் மூத்தவன் உன் ஊர்ப் பக்கம் வருகிறான். கடலை மிட்டாய் கொடுத்துவிடுகிறேன். உனக்குச் சுகர் இப்போது எவ்வளவு என்று தங்கச்சியிடம் கேட்டுத்தான் எத்தனை பாக்கெட் என்று முடிவு செய்வேன். உன்னிடம் கேட்கப்போவதில்லை.

உன் மச்சான்