மூடாக்கு எப்போது போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மானாவாரி மக்காச்சோளம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூடாக்குப் போடச் சொன்னது, அதாவது மண்ணை வைக்கோல், தட்டை போன்றவற்றால் மூடச் சொன்னது சரி. ஆனால் எப்போது போடுவது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நான் அதில்தான் ஒரு வருட வெள்ளாமையை இழந்தேன்.

அந்த வருடம் விதைத்த கையோடு, காய்ந்த மண்ணின் மேலேயே வைக்கோலைக் கனமாகப் பரப்பினேன். அப்புறம் வந்ததெல்லாம் சிறு தூறல்கள். அத்தனையையும் வைக்கோலே குடித்துவிட்டது. அடியில் மண் நனையவே இல்லை. இப்போதெல்லாம் பயிர் முழங்கால் உயரம் வந்து, நல்ல மழை ஒன்று பெய்து, மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு களையெடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். நான்கு விரல் கனம் போதும். தண்டை ஒட்டிப் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ந்த சோளத்தட்டையையும் வைக்கோலையும் மட்கவிடாமல் மண்ணுக்குள் மடக்கி உழுது, உடனே விதைத்தால் பயிர் வெளுத்துப்போகும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏறக்குறைய 80 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கிறது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மக்காச்சோளமோ தழைச்சத்தை நிறையக் கேட்கிற பயிர். அதனால் மண்ணுக்குள் போவது நன்றாக மட்கிய தொழு உரமாக இருக்கட்டும்; மட்காதது மேலே கிடக்கட்டும். மட்கு சேரச் சேர மண் பொலபொலவென்று ஆகி, பெய்கிற மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும்.

ஏக்கருக்கு 25 மி.மீ. மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மூடாக்கு இல்லாத வெற்று மண்ணிலிருந்து அதில் கணிசமான பகுதியை வெயிலும் காற்றும் கொண்டுபோய்விடும். பூக்கும் சமயத்தில் ஈரம் இல்லையென்றால் கதிரின் நுனியில் நூல் நூலாகத் தொங்கும் பட்டிழை வெளிவரத் தாமதமாகும். அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் கொட்டித் தீர்ந்திருக்கும். ஓர் இழைக்கு ஒரு மணி என்பதுதான் கணக்கு. மகரந்தம் படாத இழையின் இடம் கதிரில் பொக்கையாகவே நின்றுவிடும். பின்னால் எத்தனை மழை பெய்தாலும் அந்த மணி திரும்ப வராது.

அறுவடை முடிந்ததும் தட்டைக்குத் தீ வைக்கக் கூடாது என்பதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். மாட்டுக்குத் தீவனம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தீவனத்துக்கு எடுத்தது போக மிச்சத்தையாவது நிலத்திலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி